ஹாஜி ஷலபியின் கண்ணும் பதினொரு கைதிகளும்

நான் கோபக்காரி. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் குறைப்படக் கூடாது. பகலெல்லாம் கண் ஆஸ்பத்திரியில் கிழவர்களின் இமையைப் பிரித்துச் சொட்டு மருந்து விட்டுவிட்டு, ஐந்து மாடி ஏறி வீட்டுக்கு வந்தால், கொடியில் காயப்போட்ட என் வெள்ளைச் சீருடையில் புறா எச்சம். ஒருநாள் இரண்டு நாள் இல்லை, ஒன்பது வருஷம். இந்த ஷுப்ராப் பேட்டையில் மொட்டை மாடிக்குக் கீழே வீடு எடுத்தால் வேறென்ன கிடைக்கும் என்று என் அம்மா கேட்பாள். அவளுக்கென்ன, அவள் தரைத்தளத்தில் இருக்கிறாள்.

எச்சத்தின் சொந்தக்காரர் ஹாஜி ஷலபி. வயது எழுபத்து மூன்று. நாற்பது வருஷம் இஸ்திரிக் கடை நடத்தியவர். இப்போது மாடியில் மூன்று ஆள் உயரத்துக்கு ஒரு மரக் கோபுரம் கட்டிப் புறா வளர்க்கிறார். எல்லாம் வெள்ளைப் புறா. சந்துக்கு எதிர்ப்பக்க மாடியில் இன்னொரு கோபுரம். அது மேஸ்திரி தெஸூக்கியுடையது. ஃப்ரிட்ஜ் பழுது பார்க்கிற மனுஷன். அவருடைய புறாக்கள் எல்லாம் பழுப்பு. இந்த இரண்டு பேருக்கும் இருபத்திரண்டு வருஷமாக யுத்தம்.

யுத்தம் என்றால் வெறும் வாய்ச்சண்டை இல்லை. புறாக்காரர்களுக்குள் சட்டம் உண்டு. சமாதானம் என்றால் வழிதவறி வந்த பறவையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். யுத்தம் என்றால் வந்து இறங்கியது எனக்கு. விற்பேன், வளர்ப்பேன், வயிற்றில் கோதுமையை அடைத்துத் தின்பேன், நீ வாயைத் திறக்கக் கூடாது. "என் பறவையைக் கொடு" என்று எதிரியிடம் போய்க் கேட்பதைவிட மானக்கேடு வேறு இல்லை. சாயங்காலம் ஆனால் இரண்டு பேரும் கொடியை ஆட்டிக் கூட்டத்தை மேலே விடுவார்கள். கூட்டத்தோடு இறங்குவது சொந்தப் பிள்ளை, பொழுது சாய்ந்த பிறகு தனியாக வந்து இறங்குவது எதிரி. இது ஹாஜி வைத்திருந்த கணக்கு.

அந்த வசந்தத்தில் ஹாஜிக்கு ஒரே யோகம். இரண்டு மாதத்தில் பதினொரு எதிரிகளைப் பிடித்துவிட்டார். ஒவ்வொன்றாகச் சிறகை நூலால் கட்டி, சாக்கு போர்த்திய கைதிக் கூண்டில் அடைத்தார். ஒவ்வொரு முறையும் எதிர் மாடியிலிருந்து தெஸூக்கி மார்பில் அடித்துக்கொண்டு கத்துவார்.

"ஐயோ, என் வயித்துல மண்ணைப் போட்டுட்டானே! உன் கோபுரம் சரிஞ்சு உன் தலையிலேயே விழ!"

ஹாஜிக்கு அது பாட்டுக் கச்சேரி. "கேட்டியா இன்ஷிராஹ், எப்படிக் கதறுறான் பாரு!" என்று என் ஜன்னலைத் தட்டிச் சொல்வார்.

ஆனால் அதே இரண்டு மாதத்தில் அவருடைய வெள்ளைகளும் குறைந்துகொண்டே வந்தன. "என்னோடது பதினொண்ணு அவன்கிட்ட. அவனோடது பதினொண்ணு என்கிட்ட. சரிக்குச் சரி" என்பார். கணக்கு இவ்வளவு சரியாக இருக்கிறதே என்று எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. பதினாறு வருஷமாகக் கண் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற எனக்கும் உறைக்கவில்லை. என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

போன வெள்ளைகளில் ஒன்றுதான் சுல்தானா. வாலில் ஒற்றைக் கறுப்பிறகு. ஹாஜி கூப்பிட்டால் அவருடைய உதட்டிலிருந்து பயறு கொத்தித் தின்னும். அது காணாமல் போன நாளிலிருந்து ஹாஜி சரியாகச் சாப்பிடவில்லை. சாயங்காலமானால் மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு எதிர்க் கோபுரத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார், கையைக் குவித்துப் பார்ப்பார், ஒன்றும் தெரியாது.

ஒருநாள் நான் துணி எடுக்கப் போனபோது அவர் அரை மணி நேரமாகத் தெஸூக்கியைத் திட்டிக்கொண்டிருந்தார். அப்பன், பாட்டன், ஃப்ரிட்ஜ், ஒன்றையும் விடவில்லை.

"பார்த்தியா பொண்ணே, பதில் பேச வாய் வரலை. திருடன்!"

"ஹாஜி, அது தண்ணி டாங்கி" என்றேன்.

அவர் மறுபடி பார்த்தார். "தெரியும்" என்றார். "ஒத்திகை பார்த்தேன்."

எனக்குப் பொறுக்கவில்லை. கையிலிருந்த துணியைக் கீழே போட்டேன். "நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரிக்கு வர்றீங்க. வரலைன்னா நபவீயா அக்காவையும் கூட்டிக்கிட்டு வந்து உங்களைப் படியில இழுத்துக்கிட்டுப் போவேன்."

நபவீயா அவருடைய மனைவி. அவள் பெயரைச் சொன்னால் ஹாஜி எதற்கும் சம்மதிப்பார்.

வந்தார். ஆனால் தயாராக வந்தார். எங்கள் தெருமுனைக் காபிக்கடையில் உட்காரும் கிழவர்கள் எல்லாருமே எங்களிடம் கண் காட்டியவர்கள். பார்வைப் பலகையில் வளையம் வளையமாக இருக்கும். ஒவ்வொரு வளையத்துக்கும் ஒரு பக்கம் வாய் திறந்திருக்கும், எந்தப் பக்கம் என்று கையால் காட்ட வேண்டும். அந்தப் பலகை முழுவதையும் அவர்கள் மனப்பாடம் செய்து வைத்திருந்தது எனக்கு அன்றுதான் தெரிந்தது. கண் போனவன் என்று பெயர் வந்துவிட்டால் புறாக்காரனை எவனும் மதிக்க மாட்டான். அதனால் நாலு பேர் சேர்ந்து ஹாஜிக்கு ஒரு சாயங்காலம் முழுக்கப் பாடம் எடுத்திருக்கிறார்கள்.

"ஹாஜி, ஒரு கண்ணை மூடிக்குங்க" என்றேன்.

மூடினார். நான் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தேன். அவர் எழுந்து நின்று, புறாக்கொடி ஆட்டுகிற மாதிரி கையை வீசி ஆரம்பித்துவிட்டார்.

"மேல! வலது! வலது! கீழ! இடது! மேல! கீழ! இடது!"

கடைசி வரி வரைக்கும் மூச்சு விடாமல் போனார். முடித்துவிட்டு மீசையைத் தடவிக்கொண்டார்.

"ஹாஜி" என்றேன், "நான் இன்னும் பலகைக்கு விளக்கே போடலை."

வெளியே வரிசையில் காபிக்கடைக் கோஷ்டி உட்கார்ந்திருந்தது. "அவசரப்பட்டுட்டான் மடையன்" என்று ஒரு குரல் கேட்டது.

விளக்கைப் போட்டு, வேறு பலகையை மாட்டினேன். ஹாஜி ரொம்ப நேரம் பார்த்தார். "மேல ஒரு ரொட்டி தொங்குது" என்றார். அதற்குக் கீழே ஒன்றும் இல்லை என்று சாதித்தார்.

டாக்டர் மக்ரம் மருந்து விட்டுக் கண்மணியை விரியவைத்து, கருவியில் நெற்றியை வைக்கச் சொல்லி நிதானமாகப் பார்த்தார். பொறுமைசாலி. நான் அவரிடம் வேலை பார்ப்பதே அந்தப் பொறுமைக்குப் பாதுகாப்பாகத்தான்.

"ரெண்டு கண்ணுலயும் புரை ஹாஜி. நல்ல கெட்டிப் பழுப்பு, கொதிச்ச டீ மாதிரி. பின்னாடி இருக்கிற திரை நல்லா இருக்கு, கண்ணோட அழுத்தமும் சரி. எடுத்துட்டு உள்ள லென்ஸ் வெச்சா பார்வை வந்துரும்."

"இன்னும் கொஞ்சம் முத்தட்டுமே டாக்டர். முத்தின பிறகுதான் எடுக்கணும்பாங்க."

"அது மாம்பழத்துக்கு. கண்ணுக்கு அந்தக் காலத்துல சொன்னது. இப்பக் கேக்கறது ஒண்ணுதான். கண்ணு தெரியாததால உங்களுக்கு எது நின்னு போச்சு?"

ஹாஜி தன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். நான் அவரை அப்படிப் பார்த்ததே இல்லை.

"சுல்தானா" என்றார். "அவ அவன் கோபுரத்துல இருக்காளான்னு பார்க்கணும் டாக்டர். இருபது அடிதான். அந்த இருபது அடி எனக்குத் தெரியலை. உசுரோட இருக்கான்னு தெரிஞ்சாப் போதும், கேட்டெல்லாம் வாங்க மாட்டேன்."

சுல்தானா யாரென்று டாக்டர் கேட்கவில்லை. மகள் என்று நினைத்துக்கொண்டிருப்பார். "பார்க்கலாம்" என்றார்.

அடுத்தது லென்ஸ். தூரம் கண்ணாடியில்லாமல் தெரிய வேண்டுமா, கிட்டவா என்று கேட்டார்.

"தூரம்" என்றார் ஹாஜி. "வானத்து உச்சியில பறக்கிறது ஆணா பெண்ணான்னு தெரியணும்."

"கிட்ட வைங்க டாக்டர்" என்றாள் நபவீயா. "தட்டுல இருக்கிறது என்னன்னு இந்த மனுஷனுக்குத் தெரியணும். போன வாரம் என் தையல் பொத்தானைப் பயறுன்னு வாயில போட்டுக்கிட்டார்."

"அது கடிபடலைன்னு துப்பிட்டேன்ல?"

"ரெண்டு தடவை மென்ன பிறகு!"

தூரம் என்று முடிவாயிற்று. கிட்டப் பார்க்கக் கண்ணாடி போட்டுக்கொள்வதாக நபவீயாவிடம் சத்தியம் செய்து கொடுத்தார்.

பிறகு நான் படிவத்தை எடுத்தேன். சர்க்கரை? இல்லை. ரத்த அழுத்தம்? கொஞ்சம். "ஒண்ணுக்குப் போறதுக்கு ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?"

"யாரு? நானா?" ஹாஜியின் குரல் கூரையில் முட்டியது. கதவு திறந்திருந்தது, வெளியே கோஷ்டி காதைத் தீட்டிக்கொண்டிருந்தது. "நான் என்ன கிழவனா? ஒட்டகம் மாதிரி இருக்கேன்!"

"சாப்பிடறார்" என்றாள் நபவீயா. "எனக்குத் தெரியாதுன்னு புறாத் தீனி டப்பாவுல ஒளிச்சு வெச்சிருக்கார். ஒருநாள் ஒரு புறா அதைத் தின்னுட்டுச்சு. அதுக்கு என்ன ஆச்சுன்னு அல்லாவுக்குத்தான் தெரியும்."

வெளியே சிரிப்பு வெடித்தது. நான் போய்க் கதவை அடித்துச் சாத்தினேன்.

"வெக்கப்பட ஒண்ணுமில்லை" என்றார் டாக்டர். "அந்த மாத்திரை சாப்பிடறவங்களுக்கு ஆபரேஷன் நடுவுல கண்மணி துவண்டு சுருங்கும். முன்னாடியே தெரிஞ்சா அதுக்குத் தயாரா இருப்பேன். தெரியாம கையை வெச்சா ரெண்டு பேருக்கும் கஷ்டம்."

"இன்னையோட நிறுத்திடறேன்."

"நிறுத்தினாலும் அது அப்படித்தான் இருக்கும். நீங்க சாப்பிடுங்க, நிம்மதியாத் தூங்குங்க. எங்கிட்ட மட்டும் மறைக்காதீங்க."

பத்து நாள் கழித்து முதல் கண். மரத்துப்போகச் சொட்டு விட்டு, முகத்தை மூடி, ஆடாமல் படுக்கச் சொன்னோம். பாதி வழியில் துணிக்கு அடியிலிருந்து மெல்ல விசில் சத்தம் வந்தது.

"ஹாஜி, விசில் அடிச்சா முகம் ஆடுது" என்றார் டாக்டர்.

"மேல ஒரு கூட்டம் பறக்குது டாக்டர். வெள்ளையா, பளபளன்னு. இறக்கப் பார்க்கறேன்."

"அது என் விளக்கு. அது பாட்டுக்கு இருக்கட்டும்."

கண்மணி டாக்டர் சொன்னபடியே துவண்டது. அவர் தயாராக இருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. அரை மணி நேரத்தில் ஹாஜி கண்ணில் மூடியோடு வெளியே வந்து, காபிக்கடைக் கோஷ்டிக்குத் தளபதி மாதிரிக் கையசைத்தார்.

எங்கள் பக்கம் புது மாப்பிள்ளைக்கும் ஆபரேஷன் ஆனவனுக்கும் புறாதான் ஊட்டம். அதை விட்டுக்கொடுக்கிற பெண்பிள்ளை இல்லை. அன்று பொழுது சாய்கிற நேரத்தில் நபவீயா என்னையும் சாப்பிடக் கூப்பிட்டாள். தட்டில் இரண்டு புறா, வயிறு முட்டச் சுட்ட பச்சைக் கோதுமை, மேலே நெய். ஒரு கண்ணில் மூடி, இன்னொரு கண்ணில் புரை, ஹாஜி தடவிப் பார்த்துத்தான் கால் எது மார்பு எது என்று கண்டுபிடித்தார்.

"கைதிக் கூண்டுலேருந்துதானே எடுத்தே?"

"அங்கிருந்துதான் எடுத்தேன்" என்றாள் நபவீயா. சொல்லிவிட்டு ஏனோ முகத்தை முக்காட்டுத் துணியால் துடைத்துக்கொண்டாள்.

"தெஸூக்கி!" ஹாஜி எலும்பை உறிஞ்சினார். "டேய் தெஸூக்கி, உன் பறவை இனிக்குதுடா! என் சுல்தானாவை வெச்சுக்கிட்டே இல்ல, இந்தா, பாரு!" ஒரு எலும்பு மிச்சம் வைக்கவில்லை.

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரியில் மூடியை நான்தான் எடுத்தேன். ஹாஜி இமைத்தார். என்னைப் பார்த்தார். என் தோளைப் பார்த்தார்.

"பொண்ணே, உன் சட்டையில ஏதோ கறை இருக்கே."

"உங்க புறா போட்டதுதான்! ஒன்பது வருஷமா!"

அது அவர் காதில் விழவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். "நீலம்" என்றார். "வானம் நீலமா இருக்கு. இதை எப்ப மாத்தினாங்க?" பிறகு என் சீருடையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "இது வெள்ளை. இதுதானே வெள்ளை? நாப்பது வருஷம் இஸ்திரி போட்டேன், எனக்கே மறந்துபோச்சே." பக்கத்திலிருந்த நபவீயாவைப் பார்த்து அவர் ஏதோ சொல்ல வாயெடுக்க, "நீ கண்ணாடியைப் பார்த்துட்டு அப்புறம் பேசு" என்றாள் அவள்.

எனக்கு அன்று அரை நாள்தான் வேலை. மூவரும் சேர்ந்தே வீட்டுக்கு வந்தோம். ஹாஜி எங்கும் நிற்கவில்லை, ஐந்து மாடியும் ஏறி நேராகக் கூரைக்குப் போனார். நான் பின்னாலேயே ஓடினேன். "குனியாதீங்க! கண்ணைக் கசக்காதீங்க! ஹாஜி, ஓடாதீங்க!"

சுவரோரம் நின்று எதிர்க் கோபுரத்தைப் பார்த்தார். ஒவ்வொரு தட்டாகப் பார்த்தார். பழுப்பு, பழுப்பு, எல்லாம் பழுப்பு. வெள்ளை ஒன்றுகூட இல்லை.

"என்னோட பதினொண்ணையும் எங்கேடா வெச்சிருக்கான்?" என்று முணுமுணுத்தபடி திரும்பி, கைதிக் கூண்டின் சாக்கை உருவினார்.

உள்ளே ஒன்பது புறா. ஒன்பதும் வெள்ளை.

"எவன்டா இது?" என்றார். "எவன்டா என் கைதிகளுக்கு வெள்ளையடிச்சது?"

அவர் கூண்டுக்குக் கிட்டே போனார். ஒரு புறா தலையைச் சாய்த்து அவரைப் பார்த்தது. "அந்தரா?" என்றார் மெதுவாக. "நீயா? டேய், உன்னை நானா கட்டி வெச்சேன்?" அடுத்ததைப் பார்த்தார், அதன் பெயரைச் சொன்னார். அதற்கடுத்தது. ஒன்பது பெயரையும் சொல்லி முடித்தார். புரை பழுக்கப் பழுக்க வெள்ளையெல்லாம் அவர் கண்ணுக்குப் பழுப்பாகிவிட்டது. கூட்டத்துக்குப் பிந்தி வந்த சொந்தப் பிள்ளைகளை எதிரியென்று ஒவ்வொன்றாகப் பிடித்துச் சிறையில் போட்டிருக்கிறார்.

"நபவீயா, நேத்து எத்தனை எடுத்தே?"

"ரெண்டு."

"வாலில் கறுப்பிறகு...?"

"ஒண்ணுக்கு இருந்துச்சு."

ஹாஜி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "தின்னுட்டேன்" என்றார். "என் சுல்தானாவை நானே தின்னுட்டேன். கோதுமையோட!" தலையில் அடித்துக்கொள்ளப் போனவரின் கையை நான் பிடித்துக்கொண்டேன். அவர் குழந்தை மாதிரி விம்மினார். "பாவி நான்! அடியே, நல்லா ருசியா வேற இருந்தாளே!"

சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. நபவீயா மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"அக்கா, ஏதாவது சொல்லுங்க!" என்றேன்.

"இரு" என்றாள் என் காதில். "முப்பத்தெட்டு வருஷத்துல எனக்காக ஒரு சொட்டு விட்டதில்லை இந்த ஆளு. கொஞ்சம் அழுது முடிக்கட்டும்."

அப்போது படியில் செருப்புச் சத்தம். தெஸூக்கி வந்தார். நோயாளியைப் பார்க்க வருகிறவர் மாதிரி ஒரு கையில் ஆரஞ்சுப் பை, இன்னொரு கையில் துணி போர்த்திய சின்னக் கூடை. இருபத்திரண்டு வருஷத்தில் இந்த மாடியில் அவர் கால் வைத்தது அதுதான் முதல் தடவை.

"எதுக்கு அழறான்?" என்று நபவீயாவைக் கேட்டார். "இன்னும் சொல்லலையா நீ?"

"சொல்லத்தான் போறேன். என்ன அவசரம்?"

தெஸூக்கி ஹாஜிக்கு எதிரே குந்தி உட்கார்ந்தார். "டேய் ஷலபி. நேத்து உன் வீட்டம்மா கத்தியோட கூண்டுல கையை விட்டுச்சு. நான் அங்கேயிருந்து கத்தறேன், அதை விடு, அதை விடுன்னு. காதுலயே வாங்கலை. ஓடி வந்து உன் வீட்டு வாசல்ல என்னோடது ரெண்டைக் கொடுத்துட்டு இதுங்களை வாங்கிட்டுப் போனேன்."

"அது ரெண்டும் கொழுகொழுன்னு இருந்துச்சு" என்றாள் நபவீயா. "யாராயிருந்தாலும் மாத்திக்குவாங்க."

ஹாஜி ஈரக் கண்ணோடு நிமிர்ந்தார். "அப்போ நான் தின்னது..."

"என்னோடதுதான். வேண்டிக்கிட்டபடியே தின்னுட்டே, சந்தோஷமா இரு."

"உனக்கு முன்னாடியே தெரியுமா? ரெண்டு மாசமா நான் என் பிள்ளைங்களையே பிடிக்கிறேன்னு?"

"முதல் நாளே தெரியும். சிரிச்சுச் சிரிச்சு எனக்கு விலா நொந்துபோச்சு."

"பின்ன எதுக்குடா மாரடிச்சிக்கிட்டுக் கத்தினே?"

தெஸூக்கி தன் செருப்பைப் பார்த்தார். "ரெண்டாவது வாரத்துக்கு மேல சிரிப்பு வரலை. உனக்குக் கண்ணு போச்சுன்னு காபிக்கடையில தெரிஞ்சா நீ கோபுரத்தைப் பிரிச்சுடுவே. உன்னைத் தெரியாதா எனக்கு? நீ பிரிச்சுட்டா நான் யாரோட பறக்கவிடறது? பின்சந்துல புறா வெச்சிருக்கானே, அந்த வேலைவெட்டி இல்லாத மஹ்ரூஸோடயா?"

தெஸூக்கி கூடையின் துணியை விலக்கினார். வாலில் ஒற்றைக் கறுப்பிறகோடு சுல்தானா உட்கார்ந்திருந்தாள். என் சீருடைகூட அவ்வளவு வெள்ளை இல்லை.

ஹாஜியின் கை நீண்டது, பாதியில் நின்றது. யுத்தச் சட்டம். எதிரியிடம் போனது எதிரிக்குத்தான், கேட்கக் கூடாது.

"சமாதானம்" என்றார்.

தெஸூக்கியால் நம்ப முடியவில்லை. "என்ன சொன்னே?"

"சமாதானம்டா. உனக்கும் எனக்கும். இவங்க ரெண்டு பேரும் சாட்சி."

தெஸூக்கி கூடையை அவர் மடியில் வைத்தார். ஹாஜி சுல்தானாவைக் கையில் எடுத்தார், கறுப்பிறகை நீவினார், அவள் தலையில் முத்தம் கொடுத்தார், கண்ணுக்கு ஆகாது என்று நான் கத்தியும் கேட்கவில்லை. கூடையிலிருந்த மற்றதையும் எடுத்துக்கொண்டார். இரண்டையும் கோபுரத்துக்குள் விட்டுத் தாழ்ப்பாள் போட்டார். திரும்பினார்.

"இப்போ யுத்தம்" என்றார்.

"இவ்வளவு சீக்கிரமா?"

"போடா திருட்டு நாயே, போய் உன் கொடியை எடு."

தெஸூக்கியின் முகத்தில் நான் அப்படி ஒரு சந்தோஷத்தைப் பார்த்ததில்லை. திட்டிக்கொண்டே படி இறங்கினார், ஹாஜி மேலேயிருந்து திட்டிக்கொண்டே வழியனுப்பினார். ஆரஞ்சை மட்டும் யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை.

நானும் என் வீட்டுக்கு இறங்கினேன். தெஸூக்கி என் வாசலில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"இன்ஷிராஹ், அவனோட அடுத்த கண்ணுக்கு எந்தத் தேதி?"

"அடுத்த மாசம் பத்து. ஏன்?"

"அன்னைக்கு நான் பறக்கவிட மாட்டேன்" என்றார். "அவன்கிட்டச் சொல்லிடாதே."

சொல்லவில்லை.